முழங்கால் மாதிரி வாங்குமுன் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்

முழு அளவில், மடக்கி நீட்டும்படி, எலும்பை எலும்போடு பிணைக்கும் லிகமென்ட்களை ரப்பரில் பூட்டி, ஸ்டாண்டில் நிற்கும் முழங்கால் மாதிரி. பிசியோதெரபி, ரேடியோகிராபி படிக்கும் பிள்ளைகள் கூட்டாகக் காசு போட்டு வாங்குவது இதைத்தான். எலும்பு மருத்துவர் மேசையில் நோயாளிக்குக் காட்ட நிற்பதும் இதுதான். விற்கும் பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே இருக்கும் சமாச்சாரம் ஏறக்குறைய ஒன்றே. அதனால் இந்த மதிப்புரை தனியொரு நிறுவனத்தைப் பற்றியது அல்ல, இந்த வகைப் பொருளைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்பக்கத்துக்காகத் தாராளமாக வாங்கலாம். பின்பக்கத்தை மட்டும் அப்படியே நம்பிப் படிக்கக் கூடாது. பின்னால் வெளிப்புறத்தில், ஒரு மொச்சைக்கொட்டை அளவில் ஓர் எலும்பு பலருக்கு உண்டு. அது இந்த மாதிரிகளில் இருப்பதில்லை. இல்லையென்று ஒரு வரி எழுதியும் ஒட்டியிருப்பதில்லை. இதில் மட்டும் படித்தவர் முதல் எக்ஸ்ரேயிலேயே அந்த எலும்பைப் பார்த்து, உடைந்த துண்டு என்றோ மூட்டுக்குள் மிதக்கும் துணுக்கு என்றோ நினைத்துவிடுகிறார்.

அந்த எலும்புக்கு ஃபேபெல்லா என்று பெயர். இலத்தீனில் ‘சிறு அவரைக்கொட்டை’ என்று பொருள். தசையை எலும்போடு பிணைக்கும் நாணான டெண்டானுக்குள் பதிந்து வளரும் எலும்புகளுக்கெல்லாம் பொதுப்பெயர் செசமாய்டு. எள்ளைப் போல் இருப்பதால் வந்த பெயர், தமிழில் எள்ளெலும்பு என்றே சொல்லிவிடலாம். டெண்டான் எலும்பின்மேல் உரசித் திரும்பும் இடத்தில் உராய்வைக் குறைப்பதும், தசைக்கு நெம்புகோல் போல் கூடுதல் தூரம் கொடுப்பதும் இவற்றின் வேலை. உடம்பிலேயே பெரிய எள்ளெலும்பு முழங்கால் சில்லு, அதாவது பட்டெல்லா. அது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. ஃபேபெல்லா அப்படியல்ல. கெண்டைக்கால் தசையான காஸ்ட்ராக்னீமியஸின் வெளித்தலைக்குள், தொடையெலும்பின் கீழ்முனையில் உருண்டிருக்கும் இரு குமிழ்களில் வெளிப்புறத்ததான வெளிக்குமிழுக்கு நேர் பின்னால் அது உட்கார்ந்திருக்கும், இருந்தால். மூன்றாவதாக சயமெல்லா. முழங்காலின் பின்னாலுள்ள சிறு தசையான பாப்ளிடியஸின் டெண்டானுக்குள் மிக அரிதாக வரும் எலும்பு, நூறு பேரில் இரண்டு பேருக்கும் குறைவு.

ஃபேபெல்லா எத்தனை பேருக்கு என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. பழைய பாடப்புத்தகங்கள் 10 முதல் 30 சதவீதம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் பெர்த்தோம் குழு 2019-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, 27 நாடுகளைச் சேர்ந்த 21,000-க்கும் மேற்பட்ட முழங்கால்களின் கணக்கைப் போட்டது. 1918 வாக்கில் சுமார் 11 சதவீதமாக இருந்தது, 2018-இல் 39 சதவீதம் என்று வந்தது. நூறாண்டில் மூன்று மடங்குக்கும் மேல். சத்துணவால் மனிதர்கள் உயரமும் எடையும் கூடியதும், கெண்டைக்கால் தசை பெருத்து முழங்காலில் அழுத்தம் ஏறியதும் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆசிய மக்களிடம் மற்றவர்களைவிட இது அதிகம் என்பதும் இத்தகைய தொகுப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே நம் ஊர் வகுப்பறையில் இந்த எலும்பு இல்லாத மாதிரியை மட்டும் வைத்துப் பாடம் நடத்துவது சிறு குறை அல்ல.

இனி மாதிரியைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

முன்பக்கத்தில் முதலில் சில்லைப் பாருங்கள். பல மாதிரிகளில் தொடைத் தசையின் டெண்டானும் சில்லுக்குக் கீழுள்ள லிகமென்ட்டும் ஒரே ரப்பர் பட்டை. நடுவில் சில்லு ஒட்டப்பட்டிருக்கும். பட்டையை விலக்கிச் சில்லின் உள்முகத்தைப் பாருங்கள். நடுவே ஒரு மேடு, இரு பக்கமும் இரு சரிவு. வெளிப்புறச் சரிவு அகலமாக இருக்க வேண்டும். நிஜ எலும்பில் இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. சில்லை அதன் உள்முகம் கீழே படும்படியும், கூர்முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படியும் மேசையில் வைத்தால், அகலமான பக்கத்துக்கே சாயும். வலக்கால் சில்லு வலப்பக்கம், இடக்கால் சில்லு இடப்பக்கம். விலை குறைந்த மாதிரிகளில் இரு சரிவும் சம அகலமாக இருக்கும். அப்படியிருந்தால் அது பெரும்பாலும் நிஜ எலும்பிலிருந்து எடுத்த அச்சாக இருக்காது, யாரோ கையால் செதுக்கியதாக இருக்கும்.

அடுத்து மடக்கிப் பாருங்கள். முழுதாய் நீட்டியிருக்கும்போது சில்லு குமிழ்களுக்கு மேலே நிற்க வேண்டும். 20 டிகிரி வாக்கில் மடங்கும்போது அதன் கீழ்ப்பகுதி குமிழ்களுக்கு நடுவேயுள்ள பள்ளத்துக்குள் இறங்கி முதலில் தொடும். மேலும் மடக்க மடக்கத் தொடும் இடம் சில்லின் மேல்பகுதியை நோக்கி ஏறும். நல்ல மாதிரியில் இதை விரலால் தடவியே உணரலாம். மட்டமான மாதிரியில் ரப்பர் தடித்துப்போய், மடக்கினால் சில்லு பள்ளத்தை விட்டு முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும்.

குறுக்கு லிகமென்ட்கள் இரண்டும் அநேகமாகச் சரியாகவே வருகின்றன. முன்குறுக்கு லிகமென்ட்டான ஏ.சி.எல். வெளிக்குமிழின் உட்சுவரிலிருந்து கிளம்பி, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாவின் முன்பக்கத்துக்கும், பின்குறுக்கு லிகமென்ட்டான பி.சி.எல். உட்குமிழின் உட்சுவரிலிருந்து டிபியாவின் பின்பக்கத்துக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒரே நிற ரப்பரில் போட்டிருந்தால் வேறு மாதிரி கேளுங்கள். மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்புகளில் உட்புறத்தது வாய் அகன்ற அரைவட்டம், வெளிப்புறத்தது ஏறக்குறைய முழுவட்டம். உட்பக்க லிகமென்ட் டிபியாவில் மூட்டுக்கோட்டுக்கு 6 செ.மீ. கீழே வரை இறங்கிப் பிடிக்கும். டிபியாவை 5 செ.மீ.-இலேயே வெட்டிவிட்ட மாதிரிகளில் அது பாதியில் நின்றுவிடும். வாங்கும்போது ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்.

இதுவரை பெரிய புகார் இல்லை. இப்போது மாதிரியைத் திருப்புங்கள்.

பின்னால் தெரிவது இரு வெறும் குமிழ்கள், நடுவே பி.சி.எல்., கீழே டிபியாவின் மேல்தட்டு, ஓரத்தில் ஒரு நட்டால் இறுக்கிய ஃபிபுலா, அதாவது டிபியாவுக்கு வெளிப்புறம் நிற்கும் ஒல்லி எலும்பு. வெளிப்பக்க லிகமென்ட் ஒரு ரப்பர் வாராக ஃபிபுலாவின் தலைக்குப் போகும். பெரும்பாலும் அவ்வளவுதான். நிஜ முழங்காலில் இந்த வெளிப்புறப் பின்மூலை நெருக்கடியான இடம். வெளிப்பக்க லிகமென்ட், பாப்ளிடியஸ் டெண்டான், அதிலிருந்து ஃபிபுலாவுக்கு இறங்கும் பாப்ளிடியோ ஃபிபுலர் லிகமென்ட் ஆகிய மூன்றும் இந்த மூலையின் தூண்கள். அவற்றோடு வில்போல் வளைந்த ஆர்க்குவேட் லிகமென்ட், தொடையின் பின்தசையான பைசெப்ஸின் டெண்டான், காஸ்ட்ராக்னீமியஸின் வெளித்தலை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பாப்ளிடியஸ் டெண்டான் தொடையெலும்பில் பிடிக்கும் இடம் வெளிப்பக்க லிகமென்ட்டின் இடத்திலிருந்து சராசரியாக 18.5 மி.மீ. தள்ளி, கீழே முன்னால் இருக்கிறது. விலை கூடிய மாதிரிகளில் பாப்ளிடியஸ் ஒரு சிவப்புப் பட்டையாக இருக்கும். இருந்தால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஃபேபெல்லாவோ அதிலும் இருப்பதில்லை.

அது இல்லாததால் மறைந்துபோவது எலும்பு மட்டுமல்ல. ஃபேபெல்லாவிலிருந்து ஃபிபுலாவின் கூர்நுனிக்கு இறங்கும் ஒரு லிகமென்ட் உண்டு, ஃபேபெல்லோ ஃபிபுலர் என்பார்கள். எலும்பு பெரிதாக இருந்தால் இந்த லிகமென்ட் தடித்திருக்கும், ஆர்க்குவேட் மெலிந்தோ இல்லாமலோ போகும். எலும்பு இல்லாத இடத்தில் ஆர்க்குவேட் பாரம் தாங்கும். 1982-இல் சீபாக்கர் குழு 35 முழங்கால்களை அறுத்துப் பார்த்தபோது 67 சதவீதத்தில் இரண்டும் இருந்தன, 20 சதவீதத்தில் ஃபேபெல்லோ ஃபிபுலர் மட்டும், 13 சதவீதத்தில் ஆர்க்குவேட் மட்டும். எம்.ஆர்.ஐ.-யில் ‘ஆர்க்குவேட் தெரியவில்லை’ என்றவுடன் அறுந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்பதை இந்த மூன்று எண்கள் சொல்கின்றன. ஒரே அமைப்பை மட்டும் காட்டும் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு இதை விளக்குவது கடினம்.

ஃபேபெல்லாவை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்தவர் மறக்க மாட்டார். நீளவாட்டில் சாதாரணமாக 5 முதல் 20 மி.மீ. வரை. பின்பக்கம் டெண்டான் நார்கள் ஏறிப் பிடித்திருப்பதால் சொரசொரப்பு. முன்பக்கம், வெளிக்குமிழைப் பார்த்த முகத்தில் மட்டும் சற்றே குழிந்த வழவழப்பான ஒரு தட்டு, அதன்மேல் பளிங்கு போன்ற குருத்தெலும்பு. அதாவது குமிழோடு சேர்ந்து இது ஒரு சின்ன மூட்டாகவே வேலை செய்கிறது. எக்ஸ்ரேயில் இதை அடையாளம் காணும் வழியும் இதுதான். பக்கவாட்டுப் படத்தில் குமிழுக்குப் பின்னால் ஓரம் வழுவழுப்பான முட்டை வடிவம், குமிழைப் பார்த்த பக்கம் தட்டை. மிதக்கும் துணுக்கானால் ஓரம் ஒழுங்கற்று இருக்கலாம், இன்று எடுத்த படத்தில் ஓரிடம், அடுத்த மாதம் எடுத்ததில் வேறிடம் என்று நகரவும் கூடும். ஃபேபெல்லா தன் இடத்தை விடாது. சந்தேகமிருந்தால் மற்றக் காலையும் படமெடுத்துப் பார்க்கலாம், பெரும்பாலும் இரு காலிலும் இருக்கும். ஒரு காலில் மட்டும் இருப்பதும் உண்டு என்பதால் மற்றக் காலில் இல்லை என்பதை வைத்து மட்டும் துணுக்கு என்று எழுதிவிடக் கூடாது.

நேர்ப்படத்தில் இது வெளிக்குமிழின் நிழலுக்குள் மறைந்து, வட்டமாக மங்கலாகத் தெரியும். பழகாத கண் அதை எலும்புக்குள் இருக்கும் கட்டியென்று சந்தேகிக்கும். பக்கவாட்டுப் படத்தை 20 முதல் 30 டிகிரி மடக்கிச் சரியாக எடுத்திருந்தால் அந்தச் சந்தேகம் உடனே தீரும். இரு குமிழும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் கோணம் திரும்பிய படத்தில், வெளிக்குமிழ் எது என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் ஃபேபெல்லா உதவும். ரேடியோகிராபி மாணவர்களுக்கு இது பெரிய வசதி.

எலும்பாகாமல் குருத்தெலும்பாகவே நின்றுவிடும் ஃபேபெல்லாவும் உண்டு. அது எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ.-யிலும் அல்ட்ராசவுண்டிலும் தெரியும். எலும்பான ஃபேபெல்லா அல்ட்ராசவுண்டில் பளிச்சென்ற வளைகோடாக, பின்னால் நிழல் விழுந்து தெரியும். குருத்தெலும்பானால் கருமையான முட்டை, நிழல் இல்லை. ஆய்வுகளின் சதவீதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எக்ஸ்ரேயில் எண்ணியவருக்கும் கத்தி வைத்து அறுத்து எண்ணியவருக்கும் ஒரே விடை வராது.

இது வெறும் பரீட்சைக் கேள்வியும் அல்ல. முழங்காலின் பின்வெளிப்புறத்தில் குத்துவலி, காலை முழுதாய் நீட்டும்போது கூடுகிறது, ஓரிடத்தில் விரல் வைத்து அழுத்தினால் துடிக்கிறார் என்றால் ஃபேபெல்லா வலியை நினைக்க வேண்டும். நீட்டும்போது டெண்டான் இறுகி எலும்பைக் குமிழின்மேல் அழுத்துவதே காரணம். பெரும்பாலும் ஓய்வு, பிசியோதெரபி, ஊசி என்று தொடங்குவார்கள். கேட்காவிட்டால் எலும்பை எடுத்துவிடுவதும் உண்டு. பக்கத்திலேயே பொதுப் பெரோனியல் நரம்பு ஓடுகிறது. அரிதாக ஃபேபெல்லா அதை நெருக்கிப் பாதம் தொங்கிப்போவதும் பதிவாகியிருக்கிறது. செயற்கை மூட்டு வைத்தபின் உலோகக் குமிழின் பின்விளிம்பில் ஃபேபெல்லா தட்டி ‘டக்’ என்று சத்தம் போடும் நோயாளிகளும் உண்டு. இத்தனையையும் நோயாளிக்கு விளக்க மேசைமேல் இருக்கும் மாதிரியில் சுட்டிக்காட்ட ஓர் இடமில்லை என்பதுதான் நம் குறை.

ஏன் விட்டுவிடுகிறார்கள்? தயாரிப்பாளர்களின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிளாஸ்டிக் அச்சுக்கு மூலம், சுத்தம் செய்து உலர்த்திய எலும்பு. எலும்பிலிருந்து தசையை அழுகவைத்துப் பிரிக்கும்போது டெண்டானோடு சேர்ந்து ஃபேபெல்லாவும் கழன்று கழிவுத் தண்ணீரில் போய்விடும். சில்லு பெரிதென்பதால் தப்பிக்கிறது. எடுத்து வைக்காத எலும்பு அச்சிலும் வராது. உலர் எலும்புத் தொகுப்புகளிலும் இதே கதைதான், பெட்டிக்குள் ஃபேபெல்லா இருப்பது அபூர்வம். ஆனால் உலர்ந்த தொடையெலும்பு கிடைத்தால் வெளிக்குமிழின் பின்மேற்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஃபேபெல்லா அழுத்தி உட்கார்ந்த இடத்தில் சில எலும்புகளில் ஆழமற்ற ஒரு வட்டத் தேய்வு தெரியும்.

பிளாஸ்டிக் வேண்டாம், சி.டி. படத்திலிருந்து 3டி பிரிண்ட் எடுத்துக்கொள்கிறோம் என்பவர்களுக்கும் எச்சரிக்கை. அங்கே எலும்பு தொலைவது தண்ணீரில் அல்ல, மென்பொருளில். எலும்பைப் பிரித்தெடுக்கும்போது ‘மிகப் பெரிய துண்டை மட்டும் வை’ என்ற கட்டளையைத் தட்டுவது பலருக்கும் பழக்கம். தொடையெலும்போடு ஒட்டாத எதுவும் அந்த நொடியில் அழிந்துவிடும். ‘சிறு துண்டுகளை நீக்கு’ என்ற கட்டளையை எடுத்து, அளவை 50 கன மி.மீ.-க்குக் கீழே வைத்தால் 5 மி.மீ. ஃபேபெல்லாகூடத் தப்பும், தூசி மட்டும் போகும். சி.டி. அடுக்கின் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும். 5 மி.மீ. அடுக்கில் இந்த எலும்பு ஒன்றிரண்டு துண்டங்களில் மட்டும் வந்து தட்டையாகிவிடும். வழுவழுப்பாக்கும் கருவியை ஓவராக ஓட்டினால் குமிழுக்கு ஒன்றும் ஆகாது, ஃபேபெல்லா பாதியாகச் சுருங்கும். கடைசியில் அசல் படத்தோடு அளவை ஒப்பிடுங்கள். பிரிண்ட் போடும்போது 0.1 மி.மீ. அடுக்கு, அடியில் விளிம்புப் பட்டை, ஒன்றுக்குப் பதில் நான்கு. ஒன்றை மட்டும் போட்டால் முந்தைய அடுக்கு ஆறுமுன் அடுத்தது விழுந்து உருகி வழியும்.

தசையோடு வரும் பெரிய கால் மாதிரிகளில் காஸ்ட்ராக்னீமியஸின் இரு தலைகளும் கழற்றி மாட்டும்படி இருக்கும். அதில் வெளித்தலையைக் கழற்றி உட்பக்கத்தைப் பாருங்கள். வழவழவென்று சிவப்புப் பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் விலைக்கேற்ற பலன் இல்லை. ஃபேபெல்லாவுக்காக மட்டும் அவ்வளவு செலவழிக்க வேண்டியதும் இல்லை.

சந்தையில் இந்த எலும்பை ஒழுங்காகக் காட்டும் முழங்கால் மாதிரி கால்நடை மருத்துவத்துக்கு வருவதுதான். நாயின் முழங்காலில் நான்கு எள்ளெலும்புகள். சில்லு ஒன்று, காஸ்ட்ராக்னீமியஸின் இரு தலைகளிலும் ஒவ்வொரு ஃபேபெல்லா, பாப்ளிடியஸில் ஒன்று. நாய்க்கு முன்குறுக்கு லிகமென்ட் அறுந்தால், வெளி ஃபேபெல்லாவைச் சுற்றி நூலை ஓட்டி டிபியாவின் முன்மேட்டில் போட்ட துளை வழியாக இழுத்துக் கட்டும் அறுவை முறை ஒன்று உண்டு. ஆணியடித்ததுபோல் நிற்கும் எலும்பு என்பதால் அது நூலுக்குத் தூண். மனிதருக்கு அரிதான சயமெல்லா எந்த இடத்தில் இருக்கும் என்று பார்க்கவும் நாயின் மாதிரி நல்ல வழிகாட்டி.

ஆகவே என்ன செய்யலாம்? பிளாஸ்டிக் மாதிரியையே வாங்கி, ஃபேபெல்லாவை நாமே சேர்த்துவிடலாம். அரைநாள் வேலை.

தேவையானவை: எம்-சீல் போன்ற இரு பொருள் கலக்கும் புட்டி ஒரு பாக்கெட், 20 மி.மீ. அகலத் தையல் எலாஸ்டிக் 15 செ.மீ., 5 மி.மீ. அகலத்தில் 8 செ.மீ., சிறு வெல்க்ரோ துண்டு, 1.5 மி.மீ. துளைப்பான், சிறு திருகு மூன்று, 220 நம்பர் உப்புத்தாள், கையுறை. உலர்ந்த மொச்சைக்கொட்டையையே வைக்கலாமே என்று தோன்றும். அளவு பொருந்தத்தான் செய்யும், ஆனால் சில மாதங்களில் வண்டு துளைத்துவிடும். வார்னிஷ் அடித்தாலும் ஈரக்காற்றில் உப்பும். புட்டிதான் நிற்கும்.

புட்டியைச் சம அளவில் எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை கையுறையோடு பிசையுங்கள். கோடு கோடாக நிறம் தெரிந்தால் உள்ளே இறுகாமல் நசுங்கும். 12 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமனில் முட்டையாக உருட்டுங்கள். மாதிரியின் வெளிக்குமிழின் பின்மேற்பரப்பில் ஒரு பாலித்தீன் தாளை வைத்து, அதன்மேல் உருண்டையை லேசாக அழுத்தி எடுத்தால் குமிழின் வளைவு அப்படியே பதிந்து, நிஜ எலும்பின் குழிந்த முகம் கிடைத்துவிடும். தாள் வைக்க மறந்தால் புட்டி குமிழோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மாதிரியின் மேற்பூச்சு பெயரும். மறுநாள் வரை அசைக்காமல் விட்டு, பின்முகத்தை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அங்கே வெல்க்ரோவை ஒட்டுங்கள். முன்முகத்தில் வெள்ளை நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு, அது குருத்தெலும்பு.

அகல எலாஸ்டிக் காஸ்ட்ராக்னீமியஸின் வெளித்தலை. அதன் மேல்நுனியை வெளிக்குமிழின் பின்மேல் ஓரத்தில், வெளிப்பக்க லிகமென்ட் பிடித்திருக்கும் இடத்திலிருந்து சுமார் 14 மி.மீ. பின்னால் திருகுங்கள். கீழ்நுனியை ஸ்டாண்டின் தண்டில் கட்டுங்கள். நீட்டிய நிலையில் இறுக்கமாகவும் மடக்கினால் தளர்வாகவும் இருக்கும்படி நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். மடக்கிய நிலையிலேயே இறுக்கிக் கட்டிவிட்டால் மாதிரி நீளாமல் முரண்டும், வலிந்து இழுத்தால் பிளாஸ்டிக்கில் திருகுத் துளை கிழியும். எலாஸ்டிக்கின் உட்பக்கம், குமிழுக்கு நேராக, வெல்க்ரோவின் மறுபாதியைத் தைத்து ஃபேபெல்லாவைப் பொருத்துங்கள். ஒல்லி எலாஸ்டிக்கை ஃபேபெல்லாவின் அருகே தைத்து, மறுநுனியை ஃபிபுலா தலையின் கூர்நுனியில் திருகினால் ஃபேபெல்லோ ஃபிபுலர் லிகமென்ட்டும் தயார். துளைக்கும்போது வேகத்தைக் குறைவாக வையுங்கள், வேகமாகப் போனால் பிளாஸ்டிக் உருகித் துளை பெருத்துத் திருகு நிற்காது.

இப்போது மாதிரியை மெதுவாக நீட்டிப் பாருங்கள். கடைசி இருபது முப்பது டிகிரியில் எலாஸ்டிக் இறுகி, உருண்டை குமிழின்மேல் போய்ப் பொருந்தி அழுத்தும். ஃபேபெல்லா வலி ஏன் காலை நீட்டும்போது வருகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை. மடக்கினால் பிடி தளர்ந்து விலகும்.

வெல்க்ரோ வைக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நிரந்தரமாக ஒட்டிவிட்டால், எல்லோருக்கும் ஃபேபெல்லா உண்டு என்ற இன்னொரு தவறான பாடம் ஆகிவிடும். கழற்றி மாட்டினால் இருக்கும் முழங்கால், இல்லாத முழங்கால் இரண்டையும் ஒரே மாதிரியில் காட்டலாம். மூன்றாவதாக, பசைத் துப்பாக்கியின் கண்ணாடிப் பசையில் அதே அளவு உருண்டை ஒன்று செய்து, இது எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்பு ஃபேபெல்லா என்று மாட்டிக் காட்டலாம். நான்காவதாக, ஓரங்கள் கரடுமுரடாக ஒரு புட்டித் துண்டு. அதை எங்கும் ஒட்டாமல் மூட்டுக்கு நடுவே போட்டால் மிதக்கும் துணுக்கு. எலும்பு ஃபேபெல்லாவையும் இந்தத் துணுக்கையும் மாணவர் கையில் கொடுத்துத் தடவச் சொன்னால் எக்ஸ்ரேயில் எதைத் தேட வேண்டும் என்று விரலே சொல்லிவிடும்.

சில்லுக்கும் ஒரு மாற்று செய்து வைப்பது நல்லது. சில்லு 3 முதல் 6 வயதுக்குள் எலும்பாகத் தொடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட மையங்கள் ஒன்றுசேராமல் நின்றால் இரட்டைச் சில்லு. சுமார் 2 சதவீதம் பேருக்கு உண்டு. சௌப்பே 1921-இல் வகுத்த மூன்று வகைகளில் மேல்வெளி மூலையில் பிரிந்திருப்பதே பெரும்பான்மை, ஏறக்குறைய முக்கால் பங்கு. விழுந்து அடிபட்டு வந்தவருக்கு இதை முறிவு என்று கட்டுப்போட்டுவிடும் அபாயம் உண்டு. முறிவானால் ஓரம் கூர்மையாக இருக்கும், துண்டுகளைச் சேர்த்தால் பொருந்தும். இரட்டைச் சில்லில் ஓரம் உருண்டு, வெள்ளைக் கரை கட்டி, இரண்டையும் சேர்த்தால் முழுச் சில்லைவிடச் சற்றுப் பெரிதாக வரும். உதிரிச் சில்லு தனியாக விற்கும் கடையில் ஒன்று வாங்கி மேல்வெளி மூலையை அறுத்து, ஓரங்களை உருட்டித் தேய்த்து, நடுவே மெல்லிய ரப்பர் வைத்து ஒட்டினால் போதும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது ரப்பர்தான். வெயில் படும் ஜன்னலோரம் வைத்த மாதிரியில் ஓரிரு வருடத்தில் லிகமென்ட் வெடிக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், ரப்பர் சீக்கிரம் காயும், நெயில் பாலிஷும் கரையும். சோப்புத் தண்ணீரும் உலர்ந்த துணியும் போதும். வாங்கும்போதே மாற்று லிகமென்ட் தனியாகக் கிடைக்குமா, அது திருகில் மாட்டுவதா பசையில் ஒட்டியதா என்று கேட்டுவிடுங்கள். பசையில் ஒட்டியதானால் ஒரு லிகமென்ட் போனால் மாதிரியே போச்சு. எக்ஸ்ரே பயிற்சிக்குப் பிளாஸ்டிக் மாதிரியை வைக்கலாம் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரணப் பிளாஸ்டிக் எலும்பளவு கதிரைத் தடுக்காது, படத்தில் வெளிறிய நிழல்தான் விழும்.

செய்து வைத்த உருண்டைகளை மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு, டப்பாவை ஸ்டாண்டிலேயே ஒரு நூலால் கட்டிவிடுங்கள். மூடியின்மேல் நான்கு பெயர்களையும் எழுதி ஒட்டுங்கள்: எலும்பு ஃபேபெல்லா, குருத்தெலும்பு ஃபேபெல்லா, மிதக்கும் துணுக்கு, இரட்டைச் சில்லு.